இன்னும் இரண்டு மாதம்

உலகில் காத்திருப்போர் இருவகையினர். உழுது விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பவன் ஒருவன். சோதிடனுக்குத் தட்சிணை கொடுத்துவிட்டு நல்ல காலத்துக்குக் காத்திருப்பவன் மற்றொருவன். தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இருவரும் திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பவர்களாகவே தோன்றுவர். ஆனால் முன்னவன் கையில் மண் ஒட்டியிருக்கும். பின்னவன் கையில் ஒன்றும் இராது. இவ்விருவரையும் பிரித்தறிய வல்லதே பகுத்தறிவு எனப்படுவது. ஒருவனே காலையில் முன்னவனாகவும் மாலையில் பின்னவனாகவும் மாறிவிடுவது உண்டாதலின், அதைப் பிரித்தறிவது சொல்லுமளவுக்கு எளிதன்று.

இவ்வுண்மையை எனக்குத் தெளிவாக்கியது ஒரு விளையாட்டுக் கருவி. “நாட்டில் எழுதுவதற்கு வேறு விஷயம் இல்லையா?” என்று அன்பர்கள் கேட்கலாம். விளையாட்டுச் சாமானாயினும் அதற்குக் கட்டிய பணம் விளையாட்டுப் பணமன்று. உழைத்துச் சேர்த்த கூலிப் பணத்தை, இன்னும் உண்டாகாத ஒரு பொருளுக்காக, கண்ணால் காணாத ஒருவருக்கு அனுப்பலாமா என்னும் கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. இந்தக் கேள்வி தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் வீட்டு வாயிலுக்குத் தினந்தோறும் பல வேஷங்களில் வருவது.

அக்கருவியின் பெயர் பாண்டோரா. அதன் வரலாறு பின்வருமாறு. தென்கொரியாவில் 2001ஆம் ஆண்டில் ஜிபி32 என்றும், 2005ஆம் ஆண்டில் ஜிபி2எக்ஸ் என்றும் கைக்கடக்கமான விளையாட்டு யந்திரங்கள் வெளிவந்தன. பெரிய கம்பெனிகளின் யந்திரங்களில் அக்கம்பெனிகள் அனுமதித்த ஆட்டங்களை மட்டுமே ஆடலாம். இக்கொரிய யந்திரங்களிலோ, எழுதத் தெரிந்த எவரும் தாமே ஓர் ஆட்டத்தை எழுதி ஓட்டலாம். இச்சுதந்திரத்தின் சுவை கண்டவர்கள் பல நாடுகளிலும் இருந்தனர். அவர்களுள் பிரிட்டனைச் சேர்ந்த கிரெய்க் ராத்வெல், ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் ம்ரோசெக், கனடாவைச் சேர்ந்த மைக்கேல் வெஸ்டன் முதலிய சிலர், “கம்பெனிகள் நமக்கு வேண்டியதைச் செய்து தரவில்லையாயின் நாமே செய்துகொள்வோம்” என்று துணிந்தனர். அவர்களுக்குப் பெருமுதலும் இல்லை, சொந்தத் தொழிற்சாலையும் இல்லை.

அவர்கள் செய்யக் கருதியது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. சட்டைப்பையில் அடங்கக்கூடிய ஒரு முழுக் கணினியே அது. மடித்துத் திறக்கும் உடல், 4.3 அங்குலத் திரை. 43 விசைகள் கொண்ட தட்டச்சுப் பலகை. இரண்டு கட்டைவிரல்களுக்கும் இரண்டு நகர்குமிழ்கள். நினைவட்டைகளுக்கு இரண்டு துவாரங்கள். யாவருக்கும் பொதுவான லினக்ஸ் என்னும் இயங்குதளம். 2008ஆம் ஆண்டில் இவையனைத்தும் ஒருங்கே அமைந்த கருவியைக் கடைத்தெருவில் காண்பது அரிது. ஆதலால் அதன் படங்களைப் பார்த்தவர்களுக்கு நாவூறியதில் வியப்பில்லை.

2008ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் முன்பதிவு தொடங்கிற்று. விலை ஏறத்தாழ 200 பவுன். பிரிட்டனுக்கு வெளியே 330 அமெரிக்க டாலர். முதல் தொகுதியில் ஏறத்தாழ 4000 கருவிகள் செய்வதாகத் திட்டம். முழுப் பணத்தையும் முன்னதாகவே கட்டவேண்டும். அவ்வாண்டு முடிவதற்குள் கருவி கைக்கு வந்துவிடும் என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. முதல் தடை வங்கியிலிருந்து வந்தது. இன்னும் செய்யப்படாத சரக்குக்குக் கடனட்டை மூலம் பணம் வாங்குவதை வங்கி ஆட்சேபித்தமையால், கட்டிய பணம் கட்டியவர்களுக்கே திரும்பிற்று. அவர்கள் வேறு வழியாக மீண்டும் பணம் அனுப்ப வேண்டியதாயிற்று. வங்கியே நம்பத் தயங்கியதைத் தாம் நம்பலாமா என்று சிந்திக்க அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்றும் சொல்லலாம். மிகப் பலர் மீண்டும் அனுப்பினர்.

அதன்பின் தொடங்கியது காத்திருப்பு. எப்பொழுது கேட்டாலும் வந்த விடை “இன்னும் இரண்டு மாதம்” என்பதே. தீபாவளிக்கு முன் நம் தையற்காரர் சொல்லும் “நாளைக்கு வாருங்கள்” என்பதற்கு ஒப்பாக, அவ்வார்த்தை காத்திருந்தவர்களுக்குள்ளேயே ஒரு பரிகாசச் சொல்லாகிவிட்டது. முடிவில் முதற்கருவிகள் வெளிவந்தது 2010ஆம் ஆண்டு மே மாதத்தில். பணம் கட்டிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ இருபது மாதங்கள். அதாவது பத்து “இரண்டு மாதங்கள்”. அப்பொழுதும் வெளிவந்தவை சொற்பமே. வரிசையில் பின்னின்றவர்கள் இன்னும் நெடுநாள் நின்றனர்.

தாமதத்தின் காரணங்கள் கற்பனையல்ல. ஞெகிழி உடலை வார்ப்பதற்கு எஃகு அச்சு வேண்டும். தோட்டத்தில் ரப்பர்ப் பால் உறையவைக்கும் தட்டு கோணலாயிருந்தால் அன்றைய தகடுகள் அத்தனையும் கோணலாகும் அல்லவா? அவ்வாறே அச்சில் மயிரிழை பிசகினாலும் ஆயிரம் உடல்கள் பாழாகும். அச்சைத் திருத்துவதோ வாரக்கணக்கான வேலை. நகர்குமிழ்கள் அவர்கள் தாமே புதிதாக அமைத்தவையாதலின் அவற்றில் ஓயாத தொல்லை. மின்சுற்றுப் பலகையிலோ, சிப்பின் அடியில் கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான பற்றுப் புள்ளிகள். அச்சிப்பின் முதுகின்மேல் நினைவகச் சிப்பு ஒன்று வேறு. ஒரு புள்ளி பற்றாவிடினும் பலகை முழுவதும் வீண்.

தாமதம் காலத்தை மட்டும் விழுங்குவதன்று. பொருளின் மதிப்பையும் அது விழுங்கும். பாண்டோராவின் இதயம் 600 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள கார்டெக்ஸ் ஏ8 வகைச் சிப்பு. 2008இல் அது புதுமை. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த ஐபோன் 3ஜிஎஸ் கைத்தொலைபேசியில் அதே வகைச் சிப்பு அதே வேகத்தில் ஓடிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதத்திற்குள் நோக்கியா, மோட்டோரோலா கம்பெனிகளின் கைத்தொலைபேசிகளிலும் அவ்வினம் புகுந்துவிட்டது. புதுமைக்காகப் பணம் கட்டியவன், பொருள் கைக்கு வருமுன்னே அப்புதுமை அடுத்த வீட்டுக்காரன் சட்டைப்பையில் மணியடிப்பதைக் கேட்டான்.

இஃது இவ்வாறிருக்க, காத்திருந்தவர்களும் பார்த்திருந்தவர்களும் இரண்டு கட்சிகளாயினர். ஒரு கட்சியார், “இது மோசடி, இக்கருவி ஒருநாளும் வாராது” என்றனர். மற்றக் கட்சியார், “ஐயம் எழுப்புபவன் துரோகி” என்றனர். இவ்விரு கட்சியாரையும் நான் ஒருங்கே வைத்துப் பார்க்கிறேன். இருவரும் ஆராய்ச்சி செய்யாதவர்கள் என்பது என் கருத்து.

மோசடி என்றவர்கள் கண்முன் இருந்த சான்றுகளைப் பார்க்க மறுத்தனர். செய்பவர்களின் பெயரும் முகமும் வெளிப்படை. பலகைகளின் படங்களும், மாதிரிக் கருவிகள் ஓடும் காட்சிகளும் காட்டப்பட்டு வந்தன. பாண்டோராவில் அமைய இருந்த சிப்பு பொருந்திய பீகிள்போர்ட் என்னும் பலகை 2008ஆம் ஆண்டிலேயே 149 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஐயமுள்ளவன் அதை வாங்கி மேசைமேல் வைத்து, அவ்விதயம் என்ன செய்ய வல்லது என்று சோதித்திருக்கலாம். சோதிக்க இயன்றதைச் சோதியாமல் “பொய்” என்பது பகுத்தறிவாகாது. அது சோம்பலுக்குச் சூட்டிய பகுத்தறிவுப் பட்டம்.

நம்பிக்கைக் கட்சியாரோ வேறொரு பிழை செய்தனர். “இச்சிப்பு ஓடுமா?” என்பதற்குச் சான்று இருந்தது உண்மை. “இரண்டு மாதத்தில் வருமா?” என்பதற்கு யாதொரு சான்றும் இல்லை. முன்னதற்கிருந்த சான்றை அவர்கள் பின்னதற்கும் சேர்த்துக் கணக்கெழுதினர். ஒரு தவணை பொய்த்தவுடன் அடுத்த தவணையை முன்னிலும் உறுதியாகப் பற்றினர். கோயில் வாசலில் குறி கேட்கும் நம்மவரைப் பார்த்துச் சிரிக்கும் படித்த மேனாட்டு வாலிபர்களும், கணினி என்னும் பெயர் வந்தவுடன் அதே குறியைத்தான் கேட்கிறார்கள். மூடநம்பிக்கைக்குச் சாம்பிராணி வாசனை கட்டாயமன்று.

நிற்க. இவ்விஷயத்தில் எனக்குப் பற்றுண்டானதற்குக் காரணமானவன் என் தமக்கை மகன். தோட்டத்தில் பிறந்து, 2008ஆம் ஆண்டில் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகைகள் செய்யும் வேலையில் இருந்தவன். இரவு முறை வேலைக்குக் கிடைத்த மேற்படிக் காசைச் சேர்த்து வைத்திருந்தான். 330 டாலர் என்பது அன்று ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட தொகை. அனுப்பலாமா என்று என்னைக் கேட்க வந்தான்.

“தம்பி, கருவி நல்லதா?” என்றேன்.

“நல்லதுதான் மாமா. செய்கிறவர்களும் யோக்கியர்களாகத்தான் தெரிகிறார்கள்.”

“பிறகு என்ன தயக்கம்?”

“அவர்கள் சொல்லும் தேதிதான். புதிய பலகையை முதல்முறை ஓட்டினால் எத்தனை தேறும், எத்தனை குப்பைக்குப் போகும் என்று தினமும் பார்க்கிறவன் நான். அனுபவமுள்ள தொழிற்சாலைக்கே அந்தப் பாடு. இவர்கள் நாலுபேர், மூன்று நாட்டில் இருக்கிறார்கள். தேதியை நம்ப என் கை ஒப்பவில்லை.”

படித்தவர் பலர் தாள்தாளாக எழுதி வாதாடியதைவிட அவன் சொன்ன நான்கு வார்த்தைகள் எனக்கு மேலாகப்பட்டன. அவன் கண்டது சகுனமன்று, தன் கைத்தொழில். எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்று பங்கிட்டு நம்பினான். பணத்தை அவன் அனுப்பவில்லை. தாயிடம் கொடுத்தான், வீட்டுக் கூரை மாற்றப்பட்டது.

கதை அத்துடன் முடிந்திருந்தால், “எச்சரிக்கையாயிருப்பவனே புத்திசாலி” என்று எழுதிவிட்டு நான் பேனாவை மூடியிருப்பேன். ஆனால் 2010இல் கருவிகள் வெளிவந்த செய்தி கேட்டு அவனே என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். “மாமா, எல்லாரும் என்னைப்போலவே பணத்தைப் பெட்டிக்குள் வைத்திருந்தால் இந்தக் கருவி பிறந்திருக்குமா?”

இதற்கு உடனே விடைகூற என்னால் இயலவில்லை. பிறந்திராது என்பதே உண்மை. வங்கி கொடாத முதலை, கம்பெனிகள் கொடாத முதலை, முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் கொடுத்தனர். பார்த்திருந்தவன் வாங்கும்படியாக ஒரு பொருள் உண்டானதே, நம்பியவன் நஷ்டத்துக்கு இடங்கொடுத்ததனால்தான். அப்படியாயின் ஐயுறுபவன் பிறர் தைரியத்தின் நிழலில் குளிர்காய்பவனா?

இதை நெடுநாள் சிந்தித்தேன். பின்னர் நடந்தவை சிந்தனைக்கு உதவின. 2011ஆம் ஆண்டில் தயாரிப்பு ஜெர்மனிக்கு மாறிற்று. ம்ரோசெக் அதை நடத்தினார். பலகைகள் சீராக வரலாயின. 2012இல் வேகம் மிகுந்த புதிய வகையும் வந்தது. என் மருமகன் அவ்வகையில் ஒன்றை, ஆயத்தமாக இருந்த சரக்கிலிருந்து வாங்கினான். முன்பு கேட்ட விலையைவிட விலை அதிகம். அந்த அதிகத்தை நான் அபராதம் என்று எண்ணவில்லை. ஆபத்தைப் பிறர் சுமந்ததற்கு அவன் செலுத்திய கூலி அது. முன்பே கட்டியவர்க்குக் குறைந்த விலை. பின்பு வாங்கியவர்க்குக் கூடிய விலை. இந்த அளவில் கணக்கு நேர்.

ஆனால் கணக்கில் மற்றொரு பத்தி உண்டு. பிரிட்டனில் முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கருவி வந்து சேரவே இல்லை. அங்கிருந்த ஸ்தாபனம் பின்னர் மூடப்பட்டது. அவர்கள் குறைந்த விலைக்கு வாங்கியவர்களல்லர்; முழு விலை கொடுத்து வெறுங்கையுடன் நின்றவர்கள். கருவி உலகில் உண்டாயிற்று என்னும் வெற்றியைக் கொண்டாடுவோர் இவர்களை மறந்துவிடலாகாது.

இங்கேதான் குற்றத்தின் வேர் இருக்கிறது. ஆபத்தைச் சுமந்து முதல் கொடுப்பவனுக்கு உலக வழக்கில் பங்காளி என்று பெயர். பங்காளிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கூட்டத்தில் வாக்கு உண்டு. பாண்டோராவுக்குப் பணம் கட்டியவர்கள் செயலால் பங்காளிகள், பெயரால் வாங்குவோர். பங்காளியின் ஆபத்து முழுவதும் அவர்கள் தலைமேல் விழுந்தது; பங்காளியின் உரிமையில் ஒன்றும் அவர்களுக்கு இல்லை. எவரும் வஞ்சிக்கக் கருதாமலே ஓர் அநீதி நிகழக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் நான் அறியேன்.

நம் நாட்டவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், 1960ஆம் ஆண்டில், துன் சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் செலுத்தினர். அவர்களும் அன்று கண்ணால் காணாத ஒன்றுக்கே பணம் கட்டினர். ஆயினும் அவர்கள் கையில் இருந்தது அங்கத்தினர் என்னும் உரிமை. நம்பிக்கை ஒன்றாயினும், அதைத் தாங்கும் தூண் வேறு. கூட்டுறவில் ஐயமுள்ளவன் எழுந்து நின்று கேட்கலாம். முன்பதிவில் ஐயமுள்ளவன் வாயைத் திறந்தால், “பொறுமையில்லாதவன்” என்னும் பட்டமே கிடைக்கும்.

பாண்டோராவுக்குப் பின்னும் உலகம் இப்பாடத்தைப் பலமுறை படித்தது. அதன் வழித்தோன்றலான பைரா என்னும் கருவிக்கு 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் முன்பதிவு தொடங்கிற்று. முதற்கருவிகள் வெளிவரத் தொடங்கியபோது 2020ஆம் ஆண்டு முடிவாகிவிட்டது. அதன் சிப்பைச் செய்த டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியோ 2012ஆம் ஆண்டிலேயே கைத்தொலைபேசிச் சிப்புத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டது. ஸ்பெயின் நாட்டில் ஸ்மாக் இஸட் என்னும் கருவிக்கு 2016இல் பொதுமக்களிடம் பணம் திரட்டினர். ஆண்டுகள் சென்றன, 2021இல் அக்கம்பெனி நொடித்தது, பணம் கொடுத்தவர்கள் கருவியைக் காணவில்லை.

அதே 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் வால்வ் கம்பெனி, ஸ்டீம் டெக் என்னும் கைக்கணினியை அறிவித்தது. இடம் பிடிக்க வாங்கிய முன்பணம் 5 டாலர். வேண்டாமென்றால் திருப்பித் தருவதாக வாக்கு. டிசம்பர் மாதத்தில் அனுப்புவோம் என்றனர். நவம்பரில், உதிரிப்பொருள் தட்டுப்பாட்டால் இரண்டு மாதம் தாமதம் என்றனர். அதைக் கேட்ட பழைய பாண்டோரா அன்பர்கள் எவ்வளவு சிரித்திருப்பார்கள்! ஆனால் இம்முறை அந்த இரண்டு மாதம் உண்மையாகவே இரண்டு மாதமாயிற்று. 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கருவிகள் புறப்பட்டன. பெருமுதல் படைத்த கம்பெனிக்கு எளிதானது சிறு குழுவினர்க்கு எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், முதல் இல்லாதவன் தன் வறுமையைச் சொல்லிப் பிறர் பணத்தை எடுக்கும்போது, வார்த்தையில் மற்றவரினும் கண்டிப்பாயிருத்தல் வேண்டும். நாணயம் என்னும் ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறித்த நம் முன்னோர் இதை அறியாதவரல்லர்.

அன்பர்களே! வீட்டு மனை என்றும், புதுவகை முதலீடு என்றும், வெளிநாட்டு வேலை என்றும், உண்டாகாத பொருளுக்குப் பணம் கேட்டு நம்மிடம் வருவோர் நாளும் பெருகி வருகின்றனர். அவர்கள் எல்லாரும் கள்வரல்லர். எல்லாரும் யோக்கியரும் அல்லர். வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் சொல்லில் இன்றே நான் சோதித்துப் பார்க்கக்கூடியது எது? நீங்கள் குறிக்கும் தேதிக்கு ஆதாரம் எது? பொருள் வாராவிட்டால் நஷ்டம் எவருடையது. அதைச் சுமப்பவனுக்கு என்ன உரிமை? மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் தைரியமாகக் கொடுங்கள். தைரியசாலிகள் இல்லையேல் புதியது ஒன்றும் உலகில் உண்டாகாது. மூன்றாவதற்கு விடையில்லையாயின், இழந்தால் அடுப்பு அணையாத தொகையை மட்டும் கொடுங்கள். கொடுத்ததைக் கொடை என்றே எழுதிவையுங்கள்.

பாண்டோரா என்பது யவனர் புராணத்தில் வரும் ஒரு பெண்ணின் பெயர். அவள் திறந்த கலத்திலிருந்து உலகத் துன்பங்கள் அனைத்தும் வெளியேற, நம்பிக்கை ஒன்று மட்டும் அடியில் தங்கிற்று என்பது கதை. அக்கலத்தில் தங்கிய நம்பிக்கை நன்மையா, கடைசித் துன்பமா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். நான் கண்டவரையில், கண்ணைத் திறந்துவைத்திருப்பவன் கையில் அது நன்மை. கண்ணை மூடிக்கொண்டு தவணை கேட்பவனுக்கு அதுவும் மற்றொரு துன்பமே.